பஸ்ஸிலேயே கழியும் இளமை

மேஜர் லீக் கனவோடு சிற்றூர் மைதானங்களில் ஆடும் அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் பல ஆண்டுகள் அரைவயிற்றுச் சம்பளத்தில் காலம் தள்ளினார்கள். வழக்கும் தொழிற்சங்கமும் அவர்கள் வாழ்க்கையை மாற்றியிருக்கின்றன. மாறாதது ஒன்றுதான்: நாளை வேலை இருக்குமா என்ற கேள்வி.

இருபது ஆண்டுகள். 433 ஹோம் ரன்கள். அமெரிக்காவின் மைனர் லீக் பேஸ்பாலில் வேறு யாரும் இத்தனை முறை பந்தை வேலிக்கு வெளியே அனுப்பியதில்லை. பஸ் ஆர்லெட் என்பவர் 1930களில் விட்டுச் சென்ற 432 என்ற சாதனையை, 2015 ஆகஸ்டில் டொலீடோ மட் ஹென்ஸ் அணிக்காக ஆடிய மைக் ஹெஸ்மன் முறியடித்தார். ஆனாலும் ஹெஸ்மன் யார் என்று கேட்டால் அமெரிக்காவிலேயே பலர் திருதிருவென்று விழிப்பார்கள். காரணம் எளிது. கோடிகள் புரளும் மேஜர் லீகில் அவர் ஆடியது வெறும் 109 ஆட்டங்கள். அங்கே அடித்த ஹோம் ரன்கள் 14. மற்றவை எல்லாம் சிறு நகரங்களில், சில ஆயிரம் பேர் முன்னிலையில் அடித்தவை. அந்த ஆண்டு சீசன் முடிந்ததும் 37 வயதில் அவர் ஓய்வு பெற்றார்.

சாதனையே சங்கடமாக மாறும் விசித்திரமான உலகம் இது. மைனர் லீகில் ஒருவர் இருபது ஆண்டுகள் நீடித்தார் என்றால் அவர் திறமைசாலி என்று பொருள். மேலே போய் நிலைக்க முடியாதவர் என்றும் பொருள். அங்கே ஆடும் ஒவ்வொருவரும் அங்கிருந்து தப்பிப்பதற்காகவே ஆடுகிறார்கள்.

பண்ணையும் பயிரும்

நம்மூர் ரஞ்சி கிரிக்கெட்டோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆனால் முக்கியமான வேறுபாடு உண்டு. ரஞ்சி வீரர் தன் மாநிலத்துக்காக ஆடுகிறார். மைனர் லீக் வீரர் தன்னை ஒப்பந்தம் செய்த மேஜர் லீக் கிளப்பின் சொத்து. அவருக்குச் சம்பளம் கொடுப்பதும், எந்த ஊரில் எந்த இடத்தில் ஆட வேண்டும் என்று சொல்வதும், வேண்டாம் என்றால் அனுப்பிவிடுவதும் அந்தத் தாய் கிளப்தான். உள்ளூர் அணியின் முதலாளி டிக்கெட்டும் சோளப்பொரியும் விற்பார். ஆட்டக்காரர் விஷயத்தில் அவருக்கு வாய் திறக்க உரிமை இல்லை. இன்று ஐந்து பேரை அவுட்டாக்கிய நட்சத்திரத்தை நாளைக் காலை மேல்படிக்கு இழுத்துக்கொண்டால் உள்ளூர் ரசிகர்கள் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கிளப்பை நிர்வகித்த பிராஞ்ச் ரிக்கி 1920களில் உருவாக்கிய ஏற்பாடு இது. பணக்கார கிளப்புகளோடு போட்டி போட்டு நட்சத்திரங்களை விலைக்கு வாங்க அவரிடம் வசதியில்லை. எனவே சின்ன அணிகளைக் கைக்குள் போட்டுக்கொண்டு இளைஞர்களைத் தாமே வளர்த்தெடுத்தார். 'பண்ணை முறை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். 1949-ல் 59 லீகுகள் இருந்தன. சுமார் 4 கோடிப் பேர் அந்த ஆட்டங்களைப் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது. மைதானங்கள் காலியாகின.

இன்று 30 மேஜர் லீக் கிளப்புகளுக்கும் தலா நான்கு என 120 அணிகள். கீழ்ப்படி சிங்கிள் ஏ. அதற்கு மேல் ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. இவற்றுக்கும் கீழே புளோரிடா, அரிசோனா பயிற்சி வளாகங்களிலும் டொமினிகன் குடியரசிலும் புதுமுகங்களுக்கான ஆட்டங்கள் நடக்கின்றன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இந்த ஏணியில் தொங்குகிறார்கள். உச்சியில் இருக்கும் இடங்களோ, கிளப்புக்கு 26 பேர் வீதம் 780. அவற்றிலும் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏணி எவ்வளவு வழுக்கும் என்பதற்குக் கூடைப்பந்து மன்னர் மைக்கேல் ஜோர்டனே சாட்சி. புகழின் உச்சியில் அந்த ஆட்டத்தைத் துறந்துவிட்டு 1994-ல் பர்மிங்காம் பேரன்ஸ் என்ற டபுள் ஏ அணியில் சேர்ந்தார். அவருக்காக அணிக்கு சொகுசு பஸ் வந்தது. கூட்டம் அலைமோதியது. பந்துதான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. 127 ஆட்டங்களில் 3 ஹோம் ரன்கள், 114 முறை ஸ்ட்ரைக் அவுட். அடுத்த ஆண்டே கூடைப்பந்துக்குத் திரும்பிவிட்டார். உலகின் தலைசிறந்த விளையாட்டு வீரர்களில் ஒருவருக்கு இந்தக் கதி என்றால், இந்த மைதானங்களில் பெயர் தெரியாமல் ஆடுபவர்கள் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்று புரியும்.

செவ்வாய் முதல் ஞாயிறு வரை

சீசன் ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை நீள்கிறது. கீழ்நிலைகளில் சுமார் 130 ஆட்டங்கள், டிரிபிள் ஏவில் 150. 2021 முதல் வாரம் ஆறு நாள் ஆட்டம், திங்கள்கிழமை விடுமுறை. அந்த விடுமுறையும் பெரும்பாலும் அடுத்த ஊருக்குப் போவதிலேயே கரைந்துவிடும்.

இரவு 7 மணி ஆட்டத்துக்கு வீரர்கள் மதியமே மைதானத்துக்கு வந்துவிடுகிறார்கள். எடை தூக்குதல், ஓட்டம், பந்து பிடிக்கும் பயிற்சி, பேட்டிங் பயிற்சி, எதிரணி பற்றிய வீடியோ. பிட்சர்களுக்குத் தோள்பட்டைப் பயிற்சி தனி. ஆட்டம் முடிய இரவு 10 மணியாகும். குளியல், சாப்பாடு முடித்துப் படுக்கும்போது நள்ளிரவு. வெளியூர் பயணம் என்றால் பையைத் தூக்கி பஸ்ஸில் போட்டுவிட்டுச் சீட்டிலேயே சாய்ந்துகொள்ள வேண்டியதுதான். முன்பெல்லாம் மூன்று, நான்கு நாளைக்கு ஒருமுறை ஊர் மாற வேண்டியிருந்தது. எட்டு மணி, பத்து மணி நேரப் பயணம் சர்வ சாதாரணம். விடியற்காலையில் ஓட்டலில் இறங்கி, சற்றுக் கண்ணயர்ந்து, மறுபடி மைதானம். இப்போது ஒரே அணியோடு ஆறு ஆட்டங்கள் தொடர்ந்து ஆடுவதால் பஸ்ஸுக்குக் கொஞ்சம் ஓய்வு.

பார்வையாளர்களுக்கு இது திருவிழா. அணிகளின் பெயர்களே சிரிப்பை வரவழைக்கும்: மான்ட்காமரி பிஸ்கட்ஸ், ராக்கெட் சிட்டி டிராஷ் பாண்டாஸ், ஹார்ட்ஃபோர்டு யார்டு கோட்ஸ். இடைவேளைகளில் குழந்தைகள் ஓட்டப்பந்தயம், பொம்மை வேஷம் போட்டவர்களின் கூத்து, வெள்ளிக்கிழமை வாணவேடிக்கை. குடும்பத்தோடு வந்து நாலு மணி நேரம் சிரித்துவிட்டுப் போகிறார்கள். களத்தில் நிற்பவருக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர் எறியும் ஒவ்வொரு பந்தின் வேகமும் சுழற்சியும் கம்ப்யூட்டரில் பதிவாகி அன்றிரவே தலைமையகத்துக்குப் போய்விடுகிறது.

போதாக்குறைக்கு, புதிய விதிகளுக்கு இவர்களே சோதனை எலிகள். பிட்சர் இத்தனை விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற கடிகாரம் 2015-லேயே டபுள் ஏ, டிரிபிள் ஏ மைதானங்களில் ஓடத் தொடங்கியது. மேஜர் லீகுக்கு அது 2023-ல்தான் போனது. ஸ்ட்ரைக்கா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் இயந்திரமும் இவர்கள் மீது பரீட்சிக்கப்பட்ட பிறகுதான் 2026 சீசனுக்கு மேலே ஏறியது.

காற்று மெத்தைக் காலம்

இவ்வளவு உழைப்புக்கும் கிடைத்த கூலிதான் பல ஆண்டுகள் அமெரிக்காவின் வெட்கக்கேடாக இருந்தது. 2019-ல் சிங்கிள் ஏ வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் வாரம் 290 டாலர். டபுள் ஏவில் 350, டிரிபிள் ஏவில் 502. அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். மார்ச் மாதப் பயிற்சி முகாமுக்குச் சம்பளம் கிடையாது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது கட்டளை; அதற்கும் காசு கிடையாது.

முதல் சுற்றில் தேர்வாகும் சிலருக்குக் கையெழுத்துப் போடும்போதே லட்சக்கணக்கில் டாலர் கிடைக்கும். அவர்களுக்குக் கவலையில்லை. கடைசிச் சுற்றுகளில் வந்தவர்களுக்குச் சில ஆயிரம் டாலர். அது முதல் குளிர்காலத்திலேயே காலியாகிவிடும். பிறகு பீட்சா டெலிவரி, கிடங்கில் மூட்டை தூக்குவது, பள்ளிக்கூடத்தில் பதிலி ஆசிரியர் வேலை, பணக்காரப் பையன்களுக்கு பேட்டிங் டியூஷன். பகலில் இந்த வேலை, மாலையில் ஜிம். அடுத்த முகாமில் நேரம் முழுவதையும் பயிற்சிக்கே செலவிட்ட லட்சாதிபதிப் பையனோடு போட்டி போட வேண்டும்.

தங்குமிடமும் சொந்தச் செலவு. இரண்டு படுக்கையறை வீட்டை ஐந்தாறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுப்பார்கள். கட்டில் வாங்க முடியாது. வாங்கினாலும் பயனில்லை, அடுத்த வாரம் வேறு ஊருக்கு மாற்றல் வரலாம். எனவே ஆளுக்கொரு காற்று மெத்தை. சில ஊர்களில் பேஸ்பால் பிரியர்களான குடும்பங்கள் வீரர்களைத் தங்கள் வீட்டில் இலவசமாகத் தங்கவைத்துச் சோறு போட்டன. அந்தப் புண்ணியவான்கள் இல்லாவிட்டால் பலர் பாதியிலேயே ஓடியிருப்பார்கள்.

வெளியூரில் தினப்படி 25 டாலர். டிரஸ்ஸிங் ரூமில் உடை துவைத்து, சாப்பாடு எடுத்து வைக்கும் ஊழியருக்கு வீரர்களே தங்கள் பாக்கெட்டிலிருந்து பணம் தர வேண்டும். பீநட் பட்டரும் ஜாமும் தடவிய ரொட்டி மைனர் லீகின் தேசிய உணவாகவே ஆகிவிட்டது. உடம்பே மூலதனமான தொழிலில் உடம்புக்குச் சோறு இல்லை என்பதுதான் வேடிக்கை. இந்த டிரஸ்ஸிங் ரூம் கட்டணம் 2021-ல்தான் ஒழிந்தது.

ஆங்கிலம் தெரியாத டொமினிகன், வெனிசுவேலா இளைஞர்களின் பாடு இன்னும் மோசம். 16 வயதில் ஒப்பந்தம் போட்டு, பதினெட்டோ இருபதோ ஆகும்போது முன்பின் தெரியாத அமெரிக்கச் சிற்றூரில் வந்து இறங்குகிறார்கள். வாங்கும் சம்பளத்தில் ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டும்.

2020-ல் கொரோனா பரவி மைனர் லீக் சீசன் முழுவதுமே ரத்தானபோது நிலைமை உச்சத்துக்குப் போனது. அப்போது டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் கிளப்பின் கொரிய வீரர் ஷின் சூ சூ, தன் கிளப்பின் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தலா 1,000 டாலர் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார். மைனர் லீகில் பல ஆண்டுகள் சாப்பாட்டுக் காசை எண்ணி எண்ணிச் செலவழித்தவர் அவர்.

பதோஹியிலிருந்து பிரேடன்டன்

இந்த வாழ்க்கையை இரண்டு இந்தியர்களும் அனுபவித்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் பதோஹி மாவட்டத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், வாரணாசிப் பக்கத்து தினேஷ் படேல். இருவரும் லக்னோ விளையாட்டு விடுதியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். 2008-ல் இந்தியாவில் நடந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' டி.வி. போட்டியில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள். அதுவரை பேஸ்பால் பந்தைத் தொட்டதில்லை. முழு மில்லியன் டாலரை யாரும் தட்டிச் செல்லவில்லை. ரிங்குவுக்குக் கிடைத்தது ஒரு லட்சம் டாலர். கலிபோர்னியாவில் சில மாதப் பயிற்சி. அந்த நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் கிளப் இருவரையும் ஒப்பந்தம் செய்தது.

சினிமா அத்தோடு முடிகிறது. டிஸ்னி தயாரித்து, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த படம் 2014-ல் வெளிவந்தது. ஆனால் பேஸ்பால் வாழ்க்கை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 2009-ல் புளோரிடாவின் பிரேடன்டன் நகரில் புதுமுகங்களுக்கான லீகில், சுட்டெரிக்கும் மதிய வெயிலில், ஏறக்குறைய காலியான மைதானங்களில் அவர்கள் பந்தெறிந்தார்கள். அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பால் ஆடிய முதல் இந்தியர்கள் என்ற பெயர் கிடைத்தது. தினேஷை 2010 கடைசியில் கிளப் விடுவித்தது. இந்தியா திரும்பினார்.

ரிங்கு விடவில்லை. படிப்படியாக ஏறி மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் நகரில் சிங்கிள் ஏ அணிக்கு வந்தார். 2012-ல் அங்கே 39 ஆட்டங்களில் பந்தெறிந்து நல்ல பெயர் எடுத்தார். அடுத்த படிக்குத் தயாரானபோது காயம். முழங்கை அறுவை சிகிச்சை. ஆண்டுகள் உருண்டன, மீண்டும் களத்தில் இறங்க முடியவில்லை. 2018-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்துக்கு மாறி 'வீர் மகான்' ஆனார். மைனர் லீக் கணக்கில் இது தோல்விக் கதை அல்ல. பெரும்பாலோரின் கதையே இதுதான். வேறுபாடு, இவர்களைப் பற்றிப் படம் எடுத்தார்கள்.

2,232 பக்கங்களின் ஓரத்தில்

இவ்வளவு காலம் இந்தச் சுரண்டல் எப்படிச் சட்டத்தின் கண்ணில் படாமல் இருந்தது? படாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதே உண்மை. போட்டியாளர்கள் கைகோத்து விலையையும் சம்பளத்தையும் முடிவு செய்வதைத் தடுக்கும் ஏகபோக எதிர்ப்புச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று 1922-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 

காரட் புரோஷ்விஸ் என்பவர் சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் கிளப்பின் மைனர் லீக் பிட்சர். ஆறு சீசன்கள் ஆடியும் மேலே போக வழி பிறக்கவில்லை. சட்டம் படித்து வக்கீலானார். 2014 பிப்ரவரியில், ஆரன் சென்னி உள்ளிட்ட மூன்று முன்னாள் வீரர்களின் சார்பில் மேஜர் லீக் நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுத்தார். கோரிக்கை ஆடம்பரமானதல்ல. ஓட்டலில் தட்டுக் கழுவுபவருக்குச் சட்டம் உறுதி செய்யும் குறைந்தபட்சக் கூலி எங்களுக்கும் வேண்டும் என்பதுதான்.

கிளப் முதலாளிகள் வாஷிங்டனுக்கு ஓடினார்கள். 2018 மார்ச்சில் நிறைவேறிய மத்திய அரசுச் செலவின மசோதா 2,232 பக்கங்கள் கொண்டது. அதில் சத்தமில்லாமல் ஓர் ஓரத்தில் செருகப்பட்டது 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காக்கும் சட்டம்'. எத்தனை மணி நேரம் உழைத்தாலும் மைனர் லீக் வீரருக்கு வாரம் 40 மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலி கொடுத்தால் போதும் என்றது அது. மணிக்கு 7.25 டாலர் வீதம் கணக்குப் போட்டால் வரும் தொகை, அந்த 290 டாலர். அதுவும் சீசனுக்கு மட்டும்.

ஆனால் வழக்கு சாகவில்லை. மாநிலச் சட்டங்களின் கீழ் தொடர்ந்தது. 2022 மார்ச்சில் நீதிபதி வீரர்கள் பக்கம் சாய்ந்தார்: பயிற்சிக் காலத்திலும் இவர்கள் ஊழியர்களே. மேஜர் லீக் சமரசத்துக்கு இறங்கி வந்தது. 18.5 கோடி டாலர். வக்கீல் செலவு போக, இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிரித்தால் சராசரியாகத் தலைக்கு 5,000 டாலருக்குச் சற்று அதிகம். இழந்த ஆண்டுகளுக்கு அது ஈடாகாது. ஆனால் பயம் போய்விட்டது.

பதினேழே நாட்களில்

பயம்தான் அதுவரை வாயைக் கட்டியிருந்தது. முணுமுணுத்தால் 'பிரச்சினை பிடித்தவன்' என்று பெயர் வரும். பெயர் வந்தால் கதவு மூடும். மேஜர் லீக் நட்சத்திரங்களின் பலம் வாய்ந்த சங்கமும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இவர்களைத் திரும்பிப் பார்த்ததில்லை. 2022 ஆகஸ்ட் 28 அன்று அந்தச் சங்கமே மைனர் லீக் வீரர்களுக்கு உறுப்பினர் அட்டைகளை அனுப்பியது. செப்டம்பர் 14-க்குள் பெரும்பான்மையினர் கையெழுத்திட்டு, சங்கம் அங்கீகாரமும் பெற்றுவிட்டது.

2023 மார்ச் கடைசியில் ஐந்தாண்டு ஒப்பந்தம் உருவானது. புதுமுக வளாக வீரரின் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 4,800 டாலரிலிருந்து 19,800 ஆனது. சிங்கிள் ஏவில் 11,000-லிருந்து 26,200. டபுள் ஏவில் 13,800-லிருந்து 30,250. டிரிபிள் ஏவில் 17,500-லிருந்து 35,800 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் ரூ. 29 லட்சம். கேட்க பிரமாதமாகத் தோன்றும். அமெரிக்க விலைவாசியில் தனியாள் கௌரவமாக வாழலாம். குழந்தை குட்டி இருந்தால் இழுபறிதான். பயிற்சி முகாமுக்கும், சீசன் இல்லாத மாதங்களில் பெரும்பகுதிக்கும் இப்போது சம்பளம் உண்டு. 2022 முதலே தங்குமிடம் கிளப்பின் பொறுப்பு. டபுள் ஏ, டிரிபிள் ஏ வீரர்களுக்குத் தனி அறை. காற்று மெத்தைகள் ஒருவழியாகச் சுருட்டி வைக்கப்பட்டன.

எண்ணிக்கை சொல்லும் செய்தி

கிளப்புகள் சும்மா கொடுத்துவிடவில்லை. 2021-லேயே 40-க்கும் மேற்பட்ட அணிகளைக் கழற்றிவிட்டுத்தான் 120-ல் நிறுத்தினார்கள். ரிங்கு ஆடிய சார்ல்ஸ்டன் அணியும் அப்போது உறவு அறுந்து, தனி லீகுக்குப் போனது. ஆண்டுதோறும் நடக்கும் தேர்வு 40 சுற்றிலிருந்து 20 ஆகக் குறைந்தது. 1988-ல் 62-வது சுற்றில், 1,390-வது ஆளாக எடுக்கப்பட்ட மைக் பியாசா பின்னர் பேஸ்பாலின் புகழ் மண்டபம் வரை போனார். இன்று அந்தச் சுற்றே இல்லை. புதிய ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவில் ஒரு கிளப் வைத்திருக்கக்கூடிய மைனர் லீக் வீரர்களின் எண்ணிக்கை 2024 முதல் 180-லிருந்து 165 ஆகக் குறைந்தது. 30 கிளப்புகளுக்குமாகச் சேர்த்தால் 450 இடங்கள். கூலி உயர்ந்தது, ஆட்கள் குறைந்தார்கள். எந்தத் தொழிற்சாலையிலும் நடப்பதுதான்.

எஞ்சியிருப்பவர்களை எது பிடித்து வைத்திருக்கிறது? டிரூ மேகியைப் பார்த்தால் புரியும். பைரட்ஸ் கிளப் 2010-ல் தேர்வு செய்த அவர், பல கிளப்புகள் சுற்றி, 13 ஆண்டுகளில் 1,100-க்கும் மேற்பட்ட மைனர் லீக் ஆட்டங்கள் ஆடினார். 2023 ஏப்ரல் 26 அன்று, 33 வயதில், பிட்ஸ்பர்க்கில் முதன்முறையாக மேஜர் லீக் களத்தில் பேட்டோடு இறங்கினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஸ்ட்ரைக் அவுட் ஆனார். மூன்று நாள் கழித்து ஒரு ஹிட் அடித்தார். சில நாட்களில் மறுபடி மைனர் லீகுக்கு அனுப்பப்பட்டார்.

அந்தச் சில நாட்களின் மதிப்பைக் காசிலும் சொல்லலாம். அந்த ஆண்டு மேஜர் லீகின் குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000 டாலர். நாள் கணக்கில் சுமார் 3,800. அங்கே பத்து நாள் இருந்தால் டிரிபிள் ஏவின் ஓர் ஆண்டு அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டிவிடும். சங்கமோ நீதிமன்றமோ இந்தப் பள்ளத்தைத் தூர்க்க முடியாது. ஏணியைக் கொஞ்சம் வசதியாக்கியிருக்கிறார்கள். உச்சியில் நாற்காலிகள் அதே 780. ஒவ்வொரு ஜூலையிலும் 600-க்கும் மேற்பட்ட புதிய இளைஞர்கள் கையெழுத்துப் போட வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் உள்ளே வர, கிட்டத்தட்ட அத்தனை பேர் வெளியே போக வேண்டும்.